ஏரிப் பக்கத்துக் கால்

மேனாம்பேடு
அக்டோபர் 14

மாண்புமிகு அக்கா திவ்யா அவர்களின் திருச்சமூகத்துக்கு,

மிகுந்த துயரத்துடன் தெரிவிப்பது: நம் வீட்டு மிக்ஸியின் நடு ஜார் இன்று காலை தேங்காய்ச் சட்னி அரைக்கும் திருப்பணியில் ஈடுபட்டிருந்தபோது, அடியில் ஒழுகி, கொஞ்சம் புகைந்து, பணியிலேயே காலமானது. பெரிய ஜாரையும் சின்ன ஜாரையும் தவிக்கவிட்டுச் சென்ற அன்னாரின் பிளேடு மட்டும் தானமாகப் பெறப்பட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைக்கப்பட்டுள்ளது. கொடியை அரைக் கம்பத்தில் பறக்கவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அம்மா முழுக் கையை என் முதுகில் பறக்கவிட்டாள்.

இனி முக்கியமில்லாத செய்திகள்.

ஊரெல்லாம் டவர் நட்டவளுக்குப் போய்ச் சேர்ந்த இடத்தில் சிக்னல் இல்லை என்பதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். உன் நம்பருக்குப் போட்டால் ஒரு அம்மா தெலுங்கில் திட்டுகிறார். அதனால்தான் தபால். ஸ்டாம்ப் வாங்கும்போது போஸ்ட் ஆபீஸ்காரர், “இந்தக் காலத்துல லெட்டரா? லவ்வா தம்பி?” என்று கண்ணடித்தார். “இல்லை சார், அக்கா” என்றேன். அவர் முகம் நம் ஜாரைப் போல் ஆகிவிட்டது.

உனக்குப் புரமோஷன் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். உயர்வு உண்மைதான், கடல் மட்டத்திலிருந்து. ஆனால் நீ கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று உங்கள் மேனேஜர் செல்வகுமார் சாரிடம் போனில் கத்தியது எனக்குக் கேட்டது. புரமோஷன் கிடைத்தவள் அப்படிக் கத்த மாட்டாள். என்ன நடந்தது?

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நீ வரைந்த டவர் நாற்பது மீட்டருக்கு எழும்பி நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சைக்கிளை நிறுத்தி, டெலிபோன் இலாகாவின் இன்ஸ்பெக்டர் என்று சொல்லி உள்ளே நுழையப் பார்த்தேன். வாட்ச்மேன் பெயர் அப்பாவு. பெயர்தான் அப்பாவு, ஆள் அப்பாவி இல்லை. “மீசையே இன்னும் ட்யூட்டில சேரல, இன்ஸ்பெக்டராம். போடா ஊட்டுக்கு!” என்று டார்ச்சை ஓங்கினார்.

பதில் போடவும். இல்லாவிட்டால் உன் ஸ்கூட்டிக்கு நான் ஓனர்.

இப்படிக்கு
நிர்மல், பி.ஏ. (பெரிய ஆள்)

*

அரக்கு மலை
அக்டோபர் 22

டேய் நிர்மல்,

ஜாருக்கு என் அஞ்சலி. ஸ்கூட்டியைத் தொட்டால் அடுத்த அஞ்சலி உனக்கு.

இங்கே ஜீப் வாரத்துக்கு ஒருமுறைதான் கீழே போகும். நாங்கள் எழுப்பும் டவர் வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை இந்த மலையில் செல்போன் என்பது வெறும் டார்ச்லைட். அதனால் எல்லாவற்றையும் எழுதித்தான் சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொல்லாதே.

எனக்குப் புரமோஷன் இல்லை. வாயை மூடுவதற்காக அனுப்பியிருக்கிறார்கள்.

ஏரிக்கரை டவரின் அஸ்திவாரம் அந்த இடத்துக்கு வரைந்ததே இல்லை. பூந்தமல்லிப் பக்கம் ஒரு மேட்டு நிலத்துக்காக நான் வரைந்தது. கடைசி நேரத்தில் அந்த நிலக்காரர் மாட்டேன் என்றுவிட்டார். செல்வகுமார் சார் அவசரமாக அயனம்பாக்கத்து மனையைப் பிடித்தார். மே மாதம் குழி தோண்டிப் பார்த்தோம். ஆள் ஆழத்துக்கும் கீழே மண் ஈரமே இல்லாமல் பொடியாக இருந்தது. “அதே ட்ராயிங்தான், ஊர்ப் பேரை மட்டும் மாத்தும்மா” என்றார். மாற்றினேன். கையெழுத்தும் போட்டேன். ஏரிக்கரை மண்ணைக் கோடைக்காலத்தில் பார்த்து நம்பினேன்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். டவர் நான்கு காலாலும் பூமியை அழுத்திக்கொண்டே நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். காற்று அடித்தால் அப்படி இல்லை. காற்று வருகிற பக்கத்துக் கால்கள் மேலே எழப் பார்க்கும். அவற்றை எழவிடாமல் பிடித்து வைப்பது அடியில் இருக்கும் கான்கிரீட்டின் எடையும் அதன் மேல் மூடிய மண்ணின் எடையும்தான். வேறு பிடிமானம் கிடையாது. அந்த எடை தண்ணீரில் குறையும். நீச்சல் குளத்தில் உன் நண்பன் ரசாக்கை ஒற்றைக் கையால் தூக்கினாயே, தரையில் தூக்க முடியுமா? ஏரி நிரம்பி மண் ஊறினால் அந்த அஸ்திவாரத்துக்கும் அதே கதை.

செப்டம்பரில் ஏரியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததும் சாரிடம் சொன்னேன். “அசைஞ்சிருக்கா? அளந்து காட்டு, அப்புறம் பேசு” என்றார். நான் அளக்க ஆரம்பிப்பதற்குள் மலைக்கு மாற்றல் வந்துவிட்டது.

நீ அளக்க வேண்டும். என் அலமாரியில் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ட்யூப் சுருட்டி வைத்திருக்கிறேன். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது. அதில் தண்ணீர் நிரப்பு. டவரின் ஒவ்வொரு காலும் ஒரு கான்கிரீட் தூணில் உட்கார்ந்திருக்கும். நான்கு தூணிலும் ஒரே மட்டத்தில் சிவப்புக் கோடு போட்டு ஏ, பி, சி, டி என்று எழுதியிருக்கிறேன். ட்யூபின் ஒரு முனையை ஏ காலில், தண்ணீர் கோட்டுக்குச் சரியாக வரும்படி பிடி, இன்னொரு முனையை சி காலில் பிடி. சி தான் ஏரிப் பக்கம். தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். சி காலின் சிவப்புக் கோடு அதற்கு மேலே போயிருந்தால், கால் எழுந்துவிட்டது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை பார். மழைக்குப் பிறகு கட்டாயம் பார்.

ஐந்து மில்லிமீட்டர் எழுந்திருந்தால்கூட நான் தலைமை அலுவலகத்துக்கு நேராக எழுதுவேன். ஆன்டெனா ஏற்றுவதை நிறுத்தச் சொல்வேன். அளவு இல்லாமல் எழுதினால் மாற்றலுக்குப் பழி வாங்குகிறாள் என்பார்கள்.

டவருக்குக் கீழேயே ஜெனரேட்டர் ஷெட். அதற்குள்தான் அப்பாவு அண்ணன் தூங்குகிறார். விளையாட்டுக்கு இதில் இடமில்லை.

திவ்யா

*

மேனாம்பேடு
அக்டோபர் 30

அக்கா,

இந்தக் கடிதத்தை எழுதுபவர் ஏரிக்கரை டவரின் தலைமைப் பொறியாளர் (பொறுப்பு) என்பதை மனதில் கொண்டு, எழுந்து நின்று படிக்கவும்.

இரண்டு நாளைக்கு முன் போனேன். அப்பாவு அண்ணன் டார்ச்சை எடுப்பதற்குள் உன் பெயரைச் சொன்னேன். “திவ்யாம்மா தம்பியா நீ? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு?” என்று கேட்டைத் திறந்துவிட்டார். அதோடு விடவில்லை. ட்யூபின் மறுமுனையை ஏ காலில் அவர்தான் பிடித்தார். பிடித்த பிடியில் அரை மணி நேரம் அசையவில்லை. மூச்சுகூடக் கேட்டுத்தான் விட்டார் என்று நினைக்கிறேன்.

மேலே ஆங்கிள் கம்பியில் உட்கார்ந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார் மதுரைவீரன் அண்ணன், உன் ஃபோர்மேன். கீழே பார்த்து, “இன்னாடா, டவருக்கு குளுக்கோஸ் ஏத்துறியா? பொயச்சிக்குமா?” என்று கத்தினார். “ஐ.சி.யூ.ல கீது மாமே, விசிட்டர்ஸ் எறங்கு!” என்றேன். மேலிருந்து ஒரு துணிக் கையுறை என் தலையில் விழுந்தது.

அளவு: ஏ காலின் கோடும் தண்ணீரும் சரியாக. சி காலின் கோடும் தண்ணீரும் சரியாக. ஒரு நூலும் வித்தியாசம் இல்லை. தரை காய்ந்துதான் இருக்கிறது. உன் டவருக்கு நான்கு கால். எதுவும் இதுவரை நம்மைக் கால் வாரவில்லை.

ஷெட்டில் தூங்க வேண்டாம் என்று அக்கா நினைக்கிறாள் என்றேன். “கரண்டு போனா ஜென்செட்டுக்கு யாரு டீசல் ஊத்துவா? உங்கக்கா மலையிலேர்ந்து ஊத்துவாளா?” என்றார். எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

இனி வாரா வாரம் நான் பார்த்துக்கொள்கிறேன். மழையாவது இடியாவது. நீ நிம்மதியாக மலையில் மாடு மேய்.

பொறி. நிர்மல்
(பொறி என்பது எலிப்பொறி அல்ல)

*

அரக்கு மலை
நவம்பர் 7

டேய் பொறி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உண்மையிலேயே நன்றாகச் செய்திருக்கிறாய். இதை அம்மாவிடம் காட்டி அல்வா வாங்கிக்கொள்.

இங்கே பாறை. அஸ்திவாரக் குழிக்கு வெடி வைக்க அனுமதி இல்லாததால் உளியால் உடைக்கிறோம். இந்தப் பாறையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஏரி மண் ஞாபகம் வந்து, சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு அளவு என்பது அளவே இல்லை. காய்ந்த மண்ணில் எடுத்தது, நாம் எங்கிருந்து தொடங்கினோம் என்று சொல்லும், அவ்வளவுதான். இனிமேல்தான் விஷயம். சென்னையில் மழை பிடித்துக்கொண்டது என்று ஜீப் டிரைவர் சொன்னார். இந்த மாதம் பெரிய டிரம் ஆன்டெனாக்களை மேலே ஏற்றுவார்கள். அவை ஏறினால் காற்று டவரைப் பிடித்துத் தள்ள இடம் அதிகமாகும். அதற்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எனக்கு வேண்டும். நான் எழுதுவதும் எழுதாததும் அதைப் பொறுத்துத்தான். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

தண்ணீர் நின்றால் செருப்பைக் கழற்றாமல் போ. கம்பித் துண்டுகள் கிடக்கும்.

அக்கா

*

மேனாம்பேடு
நவம்பர் 16

அக்கா,

மேனாம்பேட்டில் மழை, அம்பத்தூரில் மழை, ஆவடியில் மழை. நம் தெருவில் படகு விடலாம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் லீவு விட மாட்டேன் என்கிறார்கள்.

உன் தம்பியின் வீரம் கேள். ஏரிக்கரை மனையில் முட்டிக்கு மேல் தண்ணீர். செருப்போடு இறங்கினேன். சி காலுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப்பாம்பு, என் பெல்ட்டைவிட நீளம், என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். யார் முதலில் கண் சிமிட்டுவது என்று போட்டி. பாம்புக்கு இமை கிடையாது என்று உயிரியலில் படித்திருந்தும் நான்தான் ஜெயித்தேன். ஒரு கையில் ட்யூப், ஒரு கையில் குச்சி, வாயில் பென்சில். மறுமுனையை ஏ காலில் சைக்கிள் ட்யூப் துண்டால் கட்டிவிட்டேன், யார் தயவும் வேண்டாம் என்று.

போன வார அளவு: வித்தியாசம் இல்லை. இந்த வார அளவு: வித்தியாசம் இல்லை. இரண்டையும் தனித்தனித் தாளில் தேதி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். என் கை அப்படி, ஆடாது அசங்காது.

டிரம் ஏற்றிவிட்டார்கள். நிலாவைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி மூன்று.

ஒரு காமெடி. நேற்று டீக்கடையில் மதுரைவீரன் அண்ணன் என் காதைப் பிடித்துவிட்டார். “டேய் வாலு, சி காலாண்ட எர்த் ஸ்ட்ரிப்ப நீதான புட்ச்சி இஸ்துட்ட?” இடி விழுந்தால் கரண்டை மண்ணுக்குள் கொண்டுபோகும் அந்த இரும்புப் பட்டை காலிலிருந்து பிய்ந்து தொங்குகிறதாம். போல்ட்டே அறுந்துகிடக்கிறதாம். “இந்த ஏரியால ஒன்ன உட்டா இந்த வேல பண்றதுக்கு வேற எவன் கீறான்? மறுபடி முடுக்க எனக்கு ரெண்டு மணி நேரம் பூட்ச்சி!” என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். செய்யாத சேட்டைக்குக்கூட நம் பெயர் சொல்கிறார்கள் என்றால் புகழ் எந்த உயரத்தில் இருக்கிறது பார், டவரைவிட மேலே.

பாம்பாட்டி நிர்மல்

*

அரக்கு மலை
நவம்பர் 24

நிர்மல்,

உன் கடிதம் இன்று மத்தியானம் கிடைத்தது. மலைச் சரிவில் பாதை போய்விட்டது, ஜீப் இல்லை. கீழே நடந்து போகும் ஒருவர் கையில் இதைக் கொடுக்கிறேன்.

ஸ்ட்ரிப்பை நீ பிடுங்கினாயா இல்லையா? பிடுங்கியிருந்தால் திட்ட மாட்டேன். சந்தோஷப்படுவேன். நீ பிடுங்கவில்லை என்றால் அதை யாரும் பிடுங்கவில்லை. அது ஒரு முனையில் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது, இன்னொரு முனையில் காலோடு முடுக்கியிருக்கிறது. கால் மேலே எழுந்தால்தான் போல்ட் அறும்படி இழுபடும்.

ஆனால் நீ அளந்து வித்தியாசம் இல்லை என்கிறாய். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. இன்னொன்று. ட்யூப் வைத்து எத்தனையோ இடத்தில் அளந்திருக்கிறேன். ஒரே தூணை இரண்டு தடவை அளந்தால்கூட ஒன்றிரண்டு மில்லி கூடக்குறைய வரும். உனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அச்சடித்த மாதிரி வருகிறது.

இதைப் படித்த உடனே போ. சி காலைத் திரும்ப அளந்து, அம்மாவின் போனிலிருந்து தலைமை அலுவலகத்துக்குச் சொல். நம்பர் பின்பக்கம் இருக்கிறது. என் பெயரைச் சொல். அப்பாவு அண்ணனை இன்றைக்கே அந்த ஷெட்டிலிருந்து வெளியே கூப்பிடு. கேட்காவிட்டால் அம்மாவை அனுப்பு. நம் வீட்டு ஹாலில் படுக்கட்டும்.

திவ்யா

*

மேனாம்பேடு
நவம்பர் 29

அக்கா,

டவர் விழுந்துவிட்டது. நேற்றுக் காலை. அப்பாவு அண்ணன் இறந்துவிட்டார்.

புயல் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு. கரண்டும் இல்லை. பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். காற்று ஏரிப் பக்கமிருந்து அடித்ததால் டவர் மறுபக்கம், ஷெட் மேல் நேராக விழுந்திருந்தது. பக்கத்தில் இருக்கும் அடுக்குமாடி ஃபிளாட் மேல் விழவில்லை என்று எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மதுரைவீரன் அண்ணன் அந்த இரும்பை வெறும் கையால் தூக்கப் பார்த்தார். “அண்ணாத்தே, ஒரு சவுண்டு குடு! ஒரே ஒரு சவுண்டு குடு!” என்று கத்திக்கொண்டே இருந்தார். உள்ளங்கை இரண்டும் கிழிந்துவிட்டன. கிரேன் வந்து தூக்குவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. அப்பாவு அண்ணன் கையில் டீசல் ஊற்றும் புனல் இருந்தது.

அவருடைய சம்சாரம் பொன்னம்மாள் ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார். இறங்கி, ஆட்டோக்காரரிடம் கொடுக்கச் சுருக்குப்பையில் சில்லறை தேடினார். ஆட்டோக்காரர் வேண்டாம்மா வேண்டாம்மா என்கிறார். அவர் தேடிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மதுரைவீரன் அண்ணனை போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

வேறு ஒன்றும் எழுதத் தெரியவில்லை.

நிர்மல்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் தபால்காரர் வந்து உன் 24ஆம் தேதிக் கடிதத்தைக் கொடுத்தார். படித்தேன்.

*

விசாகப்பட்டினம்
டிசம்பர் 9

நிர்மல்,

கீழே இறங்கி வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். நான்கு தடவை செய்தேன். நீ ஒரு தடவைகூட வாங்கிப் பேசவில்லை. பாத்ரூமில் இருக்கிறான், தூங்குகிறான் என்று அம்மா சொன்னாள். பின்னால் நீ இருமுவது கேட்டது.

விசாரணை முடியும் வரை இங்குள்ள ஆபீஸிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே என்ன ஓடுகிறது என்று சொல்கிறேன்.

சி காலின் அஸ்திவாரம் மண்ணைவிட்டு வெளியே வந்து கிடக்கிறது. அதற்குச் சற்று மேலே, காலின் இணைப்பும் பிரிந்திருக்கிறது. எது முன்னால் நடந்தது என்பதுதான் கேள்வி. அஸ்திவாரம் முதலில் எழுந்து, அதனால் டவர் சாய்ந்திருந்தால், குற்றம் ட்ராயிங்கில். என் கையெழுத்து. இணைப்பு முதலில் பிரிந்து, டவர் விழுந்த வேகத்தில் அஸ்திவாரத்தைப் பிடுங்கியிருந்தால், குற்றம் நட்டு முடுக்கியவர் மேல். கம்பெனி இரண்டாவதைச் சொல்கிறது. மதுரைவீரன் டிரம் ஏற்றும் அவசரத்தில் நட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டுப் போனார் என்று செல்வகுமார் சார் எழுதிக் கொடுத்துவிட்டார். மதுரைவீரன் எல்லாவற்றையும் முடுக்கினேன் என்கிறாராம். இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

இதில் விழுவதற்கு முன்னால் எடுத்த அளவு என்று உலகத்தில் இருப்பது உன்னுடையது மட்டும்தான். மழைக்குப் பிறகும் சி கால் அசையவில்லை என்று அதில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் ட்ராயிங் தப்பிக்கும். நான் தப்பிப்பேன். எனக்கு இது புரிந்ததும் மூச்சு வந்தது. அந்த மூச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

என் கணக்கு அந்தக் கால் எழுந்திருக்க வேண்டும் என்கிறது. உன் ட்யூப் எழவில்லை என்கிறது. ட்யூப் பொய் சொல்லாது என்று நானே எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். உன் முதல் அளவே ஒரு நூல் பிசகாமல் இருந்ததை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். வித்தியாசம் இல்லை என்று படிக்கப் பிடித்திருந்தது. கேட்கவில்லை. கேட்டபோது நேரம் போய்விட்டது. ஒரு பள்ளிக்கூடப் பையனை அனுப்பிவிட்டு மலையில் உட்கார்ந்திருந்தவள் நான். இதில் உன் மேல் எதுவும் இல்லை.

உன் அக்டோபர் கடிதத்தின் அளவுப் பக்கம், பிறகு வந்த இரண்டு தாள், மூன்றையும் பிரதி எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, அம்மாவையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி, திருப்பி அனுப்பு. ஸ்ட்ரிப் பற்றியும் ஒரு வரி எழுது. பையன்கள் பிடுங்கினார்கள் என்று கம்பெனி சொல்கிறது. மதுரைவீரனும் உன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்.

இருபதாம் தேதி விசாரணையில் கொடுக்க வேண்டும்.

திவ்யா

*

மேனாம்பேடு
டிசம்பர் 15

அக்கா,

போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ பேசுவாய். நீ பேசினால் நான் ஏதாவது சிரிப்பாகச் சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

முதல் அளவு உண்மை. அப்பாவு அண்ணன் ட்யூபைப் பிடித்தார், நான் பார்த்தேன், சரியாக இருந்தது.

அடுத்த இரண்டும் பொய்.

மழைக்குப் பிறகு போனேன். கேட் வரைக்கும்தான் போனேன். மனை முழுக்கத் தண்ணீர், காபி நிறத்தில். அப்பாவு அண்ணன் ஷெட் வாசலில் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தார். “வராத கண்ணு, பாம்பு கீது. தண்ணி எறங்கட்டும், நானே பைப்ப புட்ச்சிக்கிறேன்” என்றார். எனக்குப் பாம்பு என்றால் பயம். உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சரிண்ணே என்று சொல்லிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து, போன தடவை வந்ததையே எழுதினேன். போன தடவை சரியாக இருந்தது, ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். இன்னொரு வாரம் கேட் வரைக்கும்கூடப் போகவில்லை. ரசாக் வீட்டில் கேரம் ஆடிக்கொண்டிருந்தேன். இரண்டு தாளையும் ஒரே நாளில், இரண்டு வேறு பேனாவில் எழுதினேன். அது உனக்கு நம்பிக்கையாக இருக்கும் என்று.

நான் பாம்பைப் பார்க்கவே இல்லை. அங்கே இருந்ததா என்றும் தெரியாது. என்னைத் தண்ணீரில் இறங்கவிடாமல் இருக்க அவர் சும்மா சொல்லியிருக்கலாம்.

ஸ்ட்ரிப்பை நான் தொடவில்லை. மதுரைவீரன் அண்ணன் காதைப் பிடித்தபோது, நான் இல்லைண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வேறு காரணம் தேடியிருப்பார். டீக்கடையில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அது நன்றாக இருந்தது. அதனால் சொல்லவில்லை.

நீ சொன்ன மாதிரி தாள்களில் கையெழுத்துப் போட முடியாது. போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ தப்பிப்பாய் என்று எழுதியிருந்தாயே. பேனாவை எடுத்து முதல் தாளில் போட்டும்விட்டேன். இரண்டாவது தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட வந்து உட்கார்ந்தாள். “எங்கேடா போடணும்?” என்று கேட்டாள். அப்பா போன பிறகு பாங்கில் போட்டுப் பழகிய கையெழுத்து, அதற்கு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். அவளிடம் சொல்லிவிட்டேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “இத போய்ச் சொன்னா அந்த மதுரைவீரன் வெளிய வந்துருவாரு. நம்ம திவ்யா உள்ள போயிடுவாளாடா?” தெரியலம்மா என்றேன். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். சோறு பாதி வெந்திருந்தது.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஸ்டேஷனில் கொடுத்துவிட்டோம். எழுத்தர் படித்துவிட்டு, “நல்லா யோசிச்சியா தம்பி? ஒங்க அக்காவுக்கு எதிரா இருக்கு” என்று கேட்டார். யோசித்தேன் என்றேன். மதுரைவீரன் அண்ணனை இன்னும் விடவில்லை. விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அவர் அங்கே இல்லை, அதனால் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

நீ என்னைத் திட்டி எழுது. பேசாமல் மட்டும் இருக்காதே.

நிமிர்ந்து போய்ச் சொன்னேன், குரல் நடுங்கவில்லை என்று எழுதத்தான் இந்தப் பத்தியை ஆரம்பித்தேன். ஸ்டேஷன் வாசலில் இரண்டு தடவை திரும்பி நடந்தேன் அக்கா. உள்ளே போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். வெளியே வரும் வரைக்கும் விடவில்லை.

நிர்மல்